இயைபு

வால்பரைசோ துறைமுகச் சதுக்கத்தில்
எவாரிஸ்தோ கைப்பிடியைச் சுழற்றுகிறார்.
பெட்டிக்குள்ளிருந்து ஒரு வால்ட்ஸ்
பல்லிடுக்கில் காற்றுப் போகிற மாதிரி வருகிறது.
தொமசா என்கிற அவருடைய கிளி
தட்டுவரை நடந்து வந்து
மஞ்சள், ரோஜா, பச்சைத் தாள்களில்
ஒன்றைக் கவ்வி எடுக்கும்.
ஐந்நூறு பெசோவுக்கு நாலு வரி.

அந்த நாலு வரியை எழுதுகிறவள் நான்.

பகலில் அச்சகத்தில் கணக்கு.
இது ராத்திரி வேலை,
நூறு சீட்டுக்கு இவ்வளவு என்று கூலி.
விதியைப் பற்றி யாரும் என்னிடம் விசாரித்ததில்லை.
கிளிக்குத் தெரியும் என்று நினைக்கிறார்கள்.
கிளிக்குத் தெரிந்ததெல்லாம்
எந்தத் தாள் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கிறது
என்பதுதான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்.
எங்கள் மொழியில் காதல், அமோர்.
வலி, தொலோர்.
குன்றேறும் இழுவைப் பெட்டி, அசென்சோர்.
மூன்றும் ஒரே ஓசையில் போய் முடிகின்றன.
யார் முடித்துவைத்தார்கள்?
ஒருவரும் இல்லை. வாயில் புரண்டு புரண்டு
தேய்ந்த இடத்தில் நின்றுவிட்டன.
அதனால்தான், முதல் வரியில் காதல் வந்துவிட்டால்
மூன்றாம் வரியில் பாதிப் பேரை
இழுவைப் பெட்டியில் ஏற்றி அனுப்புகிறேன்.
மீதிப் பேருக்கு வலி.
பரோன் குன்றுக்குப் பெட்டி கிறீச்சிட்டு ஏறும்போது
எதிரில் நிற்கும் அந்நியரைச் சிலர் உற்றுப் பார்ப்பார்கள்,
பெயரைக் கேட்டுவிடலாமா என்று.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஓர் ஆகஸ்டில் நானும் ஏமாற்றிப் பார்த்தேன்.

நிக்கனோர். படகு எஞ்சின் பழுது பார்ப்பவன்.
நகக்கண்ணில் கிரீஸ்,
சிரித்தால் ஒரு கன்னம் மட்டும் சிரிக்கும்.
சம்பள வெள்ளிக்கிழமைகளில் சீட்டெடுப்பான்.
அன்று தட்டு முழுக்க,
அறுபத்து நான்கு தாளிலும் ஒரே பாட்டு:
இந்த நொடி உன் இடப்பக்கம் நிற்பவள்
இன்னொரு தடவை வரமாட்டாள், தொலைத்துவிடாதே.

வலப்பக்கம் என்றே எழுதியிருக்கலாம்.
ஆனால் இடது, இஸ்கியெர்தா.
தொலைப்பது, பியெர்தா.
இயைபு கூடிவந்தது, விட மனமில்லை.

கம்பளி மேலங்கி, இரவல் காதணி,
அவன் இடப்பக்கம் போய் நின்றேன்.
தொமசா வந்தாள். கவ்வினாள்.
அவன் கையிலிருந்து நாணயம் நழுவி உருண்டது.
குனிந்தான், துரத்தினான், திரும்பினான்.
நிமிர்ந்து படித்தபோது
நான் அவனுக்கு வலப்பக்கம்.
இடப்பக்கம்
பூசணி வடை சுடுகிற லுதிவினா,
எண்ணெய் சொட்டும் கரண்டியோடு
“கடுகு சாஸ் போடவா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் தாளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.
போடு என்றான்.

அன்று அதே சீட்டை எடுத்த மற்றவர்களுக்கும்
இடப்பக்கம் யாராவது நின்றிருப்பார்கள்.
ஒரு கிழ மாலுமிக்கு நின்றது நாய்.
இப்போதும் இரண்டும் சேர்ந்துதான் நடக்கின்றன.

பதினொரு வருடம் ஆகிறது.
அந்தச் சீட்டு பிளாஸ்டிக் உறைக்குள்
வடை வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது,
மூலையில் அலகின் தடத்தோடு.
போன ஞாயிறு லுதிவினா கேட்டாள்:
“நீதான் எழுதினியாமே,
எப்படித் தெரிஞ்சது உனக்கு?”
காசு வாங்கவில்லை.
என் வாய் நிறைய வடை.
சூடு வேறு.

இரண்டாவது மகளுக்கு
ஒரு கன்னம் மட்டும் சிரிக்கிறது.

இந்த வாரம் எவாரிஸ்தோவுக்கு இருநூறு சீட்டு வேண்டும்.
மேஜைமேல் ஒரு வரி
மழை என்று முடிந்து நிற்கிறது.
மழையோடு ஒலி சேர்கிற சொற்கள்
எங்களிடம் மிகக் குறைவு.
யாரோ ஒருத்தி, எந்தக் குன்றிலோ,
குடையை மறந்துவிட்டு இறங்கப்போகிறாள்.
அவளுக்கு அடுத்து என்ன நடக்கும் என்பது
இன்னும் என் காதில் விழவில்லை.